தொடாமல் சடுகுடு ஆடமுடியுமா?

தொடுவதனாலேயே நடக்கின்ற விளையாட்டு ஒன்று உண்டென்றால் அது நமது சடுகுடுவேயாகும். பாடிப் போகிறவன் எதிரியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினால் தொடப்பட்டவன் வெளியே. கட்டிப்பிடித்து அமுக்கி மூச்சை விடச் செய்தால் பாடினவன் வெளியே. இப்படிப்பட்ட ஆட்டத்தையும் ஜாதிக்கொரு கட்சியாய், தெருவுக்கொரு பொட்டலாய்ப் பிரித்து ஆடுகிற புத்திசாலித்தனத்தை என்னென்று சொல்லுவது?

தேவாரத்திலும் போடியிலும் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பைப் பாருங்கள். தோளோடு தோள் இடிபட உட்கார்ந்தால்தான் இடம் கிடைக்கும். அங்கே ஒட்டாத தீட்டு, சாயங்காலம் பொட்டலில் மாத்திரம் ஒட்டிக்கொள்ளுமா? பாயசத்திலே மணக்கிற ஏலக்காயைப் பறித்த கை எந்தக் கை என்று யாராவது கேட்டதுண்டா?

"விளையாட்டில் ஏனையா ஜாதியை இழுக்கிறீர்கள்?" என்பார்கள். இழுத்தது நாமா? பல்வங்கர் பாலு என்ற பந்து வீச்சுக்காரர் 1911-ல் இங்கிலாந்துக்குப் போய் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். அவர் சாமார் ஜாதியில் பிறந்தவர். பூனாவில் அவருடைய கை தொட்ட பந்தைத் தொட்ட "பெரியவர்கள்" அவருக்கு டீயை மாத்திரம் வெளியே தனி மண்குவளையில் கொடுத்தார்கள். பந்துக்கு இல்லாத தீட்டு டீக்கு எங்கிருந்து வந்தது? பம்பாயில் மதத்துக்கொரு கட்சியாய் நடந்துவந்த கிரிக்கெட் பந்தயமும் 1946-ஆம் வருஷத்தோடு ஒழிந்தது. கிரிக்கெட் ஒழிந்துபோய்விட்டதா?

"எல்லோரையும் சேர்த்தால் சண்டை வரும்" என்று மற்றொரு கூட்டம் சொல்லும். சண்டை வருவது சேர்ப்பதனாலல்ல, பிரிப்பதனாலேயே. தெருவே கட்சியானால் ஒரு புள்ளி போனாலும் தெருவின் மானம் போனதாகக் கம்பு எடுப்பான். அண்ணன் இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமுமாய் நின்றால், எந்தத் தெரு யார்மேல் கிளம்பும்?

இதற்கு வழி புதிதாய்த் தேடவேண்டியதில்லை. நம் பிள்ளைகளுடைய "உத்தி பிரித்தல்" இருக்கிறது. சமபலமுள்ள இருவர் ஜோடியாய் ஒதுங்கிப் போய், ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன் என்று இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவன் பெயரைக் கேட்கிறானே தவிர ஆளைக் கேட்பதில்லை. தகப்பன் பெயரையும் தெருவையும் கேட்க அங்கே இடமேது? நமது பண்டிதர்களுக்குத் தோன்றாத நியாயம் எட்டு வயதுப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது!

ஆகவே தோழர்களே! அடுத்த ஞாயிறு சாயங்காலம் யாவருக்கும் பொதுவான இடத்திலே கோடு கிழியுங்கள். ஒரு தெருவாருக்குச் சொந்தமான இடம் வேண்டாம். பக்கத்துக்கு ஏழு பேர் போதும். காசு வேண்டாம், கோப்பை வேண்டாம். உத்தி பிரித்தே கட்சி கட்டுங்கள். பெண்பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் ஒரு ஆட்டம் விடுங்கள். தண்ணீர்க் குடம் ஒன்று, டம்ளர் ஒன்று இருக்கட்டும்.

தீண்டாமையைச் சட்டம் 1950-லேயே ஒழித்துவிட்டது. பொட்டலிலும் அது ஒழிந்ததா என்பதை அந்த ஒரு டம்ளர் காட்டிவிடும். அதில் குடிக்க மறுப்பவர் தாராளமாய் வெளியே நிற்கட்டும். யாரும் தொடாமலே அவுட்டானவர் அவர் ஒருவரே!