அன்னைக்கே வலிச்சாத்தான் தெரியுமா?

ஓட்டல்ல சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனா நாம என்ன செய்வோம்? ஓமத்தண்ணி குடிச்சிட்டு, 'இனிமே அந்தக் கடைப் பக்கமே போகக்கூடாது'ன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவோம். புகார் எழுதிக் கொடுத்தவங்களை நான் பார்த்ததே இல்லை. அமெரிக்காவிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆனா அங்கே சிலர் ட்விட்டர்ல புலம்பினாங்க. அந்தப் புலம்பலை வச்சே மோசமான சமையலறையைக் கண்டுபிடிக்க முடியும்னு காட்டினவர் ஆடம் சடிலெக் என்ற ஆராய்ச்சியாளர். மகள் படிச்சுச் சொன்னாள்.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவரும் கூட்டாளிகளும் செய்த கருவிக்கு நெமிசிஸ்னு பேரு. எது நிஜமான வயிற்றுவலி, எது சும்மா பேச்சுன்னு உதாரணம் காட்டிக் காட்டி கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். எழுதியவர் முன்னாடி எந்த ஓட்டலில் இருந்தார் என்பதை, ட்வீட்டோடு வந்த இடத்தை வைத்துப் பார்த்துக்கொண்டது. லாஸ் வேகாஸில் சோதனை நடந்தது. சுகாதார ஆய்வாளர்கள் பாதி இடத்துக்குக் கருவி சொன்னபடி போனார்கள், பாதி இடத்துக்கு வழக்கம்போலப் போனார்கள். எது எந்தப் பட்டியல்னு அவர்களுக்கே தெரியாது. வழக்கமான சோதனையில் 9 சதவீதம் இடங்களில் பெரிய குறை பிடிபட்டது. கருவி காட்டியதில் 15 சதவீதம். 2016-ல் ஆய்வு வெளிவந்தது.

பிறகு அவர் கூகுளில் இருந்தபோது, ட்வீட்டுக்குப் பதில் ஜனங்க கூகுளில் தேடுவதை வைத்து 2018-ல் இன்னொரு ஆய்வு வந்தது. அதில் 38 சதவீதம் பேருக்கு, காரணமாகத் தெரிந்த ஓட்டல் அவங்க கடைசியாப் போனது இல்லையாம். நாம கடைசியாச் சாப்பிட்ட கடையைத்தானே திட்டுறோம்!

இதைக் கேட்டதும் எனக்கு என் கத்தரித் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. காய்ப்புழுவுக்கு மருந்து அடிச்சா எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு. மருந்துக்கு மருந்து அது மாறும். அந்த நாள் முடியறதுக்கு முன்னாடியே நான் பறிச்சிருக்கேன். ஒருதரம் இல்லை, பலதரம். காத்திருந்தா காய் முத்திடும். முத்தின காய் சந்தையில் விலை போகாது. மருந்தே அடிக்காம விட்டா ஓட்டை விழும். ஓட்டைக் காயை நீங்களும் கையில எடுக்கமாட்டீங்க.

அந்தக் காயைச் சாப்பிட்ட யாருக்கும் அன்னைக்கு ராத்திரி வயிறு வலிச்சிருக்காது. வலிச்சாத்தானே எழுதுவாங்க, தேடுவாங்க? அப்போ அந்தக் கருவிக்கு என் தோட்டம் தெரிய வழியே இல்லை.

இப்படி ஒரு கருவி நம்ம ஊருக்கும் வரட்டும், அழுக்குச் சமையலறை மாட்டட்டும். அதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா அது வந்துட்டா சாப்பாடு சுத்தமாயிடும்னு நம்பிடாதீங்க. உடனே நோவு கொடுக்கிறதை மட்டும்தான் அது பிடிக்கும். உடம்புல மெதுவாச் சேர்றதைப் பிடிக்கணும்னா சந்தைக்கு வர்ற காயை லேபில் சோதிக்கணும். நாங்க காத்திருக்கிற நாளுக்கும் விலை கிடைக்கணும். ரெண்டையும் கேட்க வேண்டியவங்க நீங்கதான்.

கடைசியா ஒண்ணு. எங்க வீட்டுச் சமையலுக்குன்னு கிணத்து மேட்டில் நாலு கத்தரிச் செடி வச்சிருக்கேன். அதுக்கு நான் மருந்து அடிக்கிறதில்லை. இதை எந்தக் கம்ப்யூட்டரும் கண்டுபிடிக்காது, நானாச் சொன்னாத்தான் உண்டு.