மீனுக்கு வேலி, மனிதனுக்கு வெள்ளமா?

திருமலைராயன்பட்டினத்தில் வாழும் நாம் கடைமடைக்காரர்கள். மேலே கரை உடைந்தால் கீழே குடிசை மூழ்கும். இது நாம் ஏட்டில் படித்த பாடமல்ல. ஆகவே கேட்கிறோம்: செல்வர்கள் கேளிக்கைக்காக வைத்திருக்கும் அணைகளுக்குக் காவல் யார்?

அமெரிக்காவில் சவுத் ஃபோர்க் அணை கோடீசுவரர்களின் மன்றத்துக்குச் சொந்தம். கார்னெகியும் ஃபிரிக்கும் அதில் உறுப்பினர்கள். வண்டி போவதற்காகக் கரையைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாதிருக்க, உபரிநீர் வழியும் இடத்தில் கம்பிவலை அடித்தார்கள். முன்னமே பெயர்த்தெடுக்கப்பட்ட வடிகுழாய்களை மீண்டும் பொருத்தவில்லை. 1889 மே 31இல் பெருமழை, அணை உடைந்தது. கீழே, இரும்பாலைத் தொழிலாளர் ஊரான ஜான்ஸ்டவுன் அழிந்தது. மாண்டவர் 2,209 பேர்! மீனைக் காத்தவர்கள் மனிதனைக் காக்கவில்லை. வழக்காடியும் மன்றத்திடமிருந்து ஒரு காசு கிடைக்கவில்லை. 'ஆண்டவன் செயலாம்!' வலை அடித்தவன் ஆண்டவனா?

அது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியுமா? இங்கே அருவிநீரைத் திருப்பிய தனியார் விடுதிகள் மீது 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நடவடிக்கை எடுக்கச் சொல்லவேண்டி வந்தது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டமோ 10 மீட்டருக்குக் குறைந்த அணைகளைத் தொடுவதில்லை.

நாம் கேட்பது அதிகமில்லை. தனியார் அணை ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறட்டும். மழைக்கு முன் அரசுப் பொறியாளர் பார்க்கட்டும். பழுதுபார்க்கும் செலவை உடைமைக்காரனே ஏற்கட்டும். கரை அவனுடையது, கீழே இருக்கும் உயிர் நம்முடையது!