குறிக்குப் பின்னால் இருப்பது

விடுமுறைக்கு ஊர் திரும்பும் வாலிபர்கள் ஏர்கன்னைத் தோளில் மாட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் புறப்படுவதும், கிணற்றடிச் சுவரின்மேல் புட்டிகளை வரிசையாக நிறுத்திச் சுடுவதும், புட்டிகள் தீர்ந்தபின் ஓணானையும் காக்கையையும் மின்கம்பத்துப் பீங்கானையும் நோக்கிக் குழலைத் திருப்புவதும் நான் பலமுறை கண்ட காட்சிகள். பெரியவர் எவரேனும் நின்று, "தம்பி, எதைப் பார்த்துச் சுடுகிறாய்?" என்று கேட்டால், "இது என்ன நிஜத் துப்பாக்கியா, பெரியப்பா? லைசென்ஸே வேண்டாத சாமான். எதைச் சுட்டால் என்ன?" என்று பதில் வருகிறது. இந்த அபிப்பிராயம் பிள்ளைகளிடம் மட்டும் இருந்தால் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். அதை வாங்கிக் கொடுத்த தகப்பனார்களிடமும் அது வேரூன்றியிருக்கிறது. குறி பார்த்துச் சுடுதலை ஒரு கலையாக மதித்து இளமை முதல் அதில் ஈடுபட்டு வந்தவன் என்ற உரிமையோடு, அந்த அபிப்பிராயத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் எடுத்து மறுக்க விரும்புகிறேன். விளையாட்டையே விலக்க வேண்டும் என்பது என் கட்சி அன்று. எதைக் குறியாக வைப்பது என்று தீர்மானிப்பதே சுடுகிறவனுடைய முதற் கடமை என்பதும், விசையில் விரல் வைப்பது அதற்கு வெகுவாகப் பிந்திய காரியம் என்பதுமே என் வாதம்.

முதலில் லைசென்ஸ் பற்றிய பேச்சு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், ரவையின் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்கு அளித்திருப்பது உண்மையே. அந்த விலக்கை அபயச் சீட்டாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. அரை கிராம் எடையுள்ள ஈய ரவை, பந்தயங்களில் பயன்படும் சாதுவான துப்பாக்கியிலிருந்துகூட நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. மனிதத் தோலைத் துளைத்து உட்புக அதற்கு நொடிக்கு 100 மீட்டர் வேகமே போதும் என்று தடயவியல் மருத்துவர்கள் பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள். கண்ணுக்கோ அவ்வளவு வேகமும் வேண்டாம். அரிவாள்மணைக்கு எந்தச் சர்க்காரும் லைசென்ஸ் கேட்பதில்லை. அதற்காக அதைத் தொட்டிலில் போடுகிறவர் யாருமில்லை.

அடுத்தது, கைக்கு அகப்பட்ட பொருள் எதுவானாலும் குறிக்கு ஆகும் என்ற எண்ணம். புட்டி, கருங்கல், தென்னை மரம், துருப்பிடித்த இரும்புத் தகடு ஆகிய இவையே நம்மவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் குறிகள். இவை அனைத்துமே தவறானவை என்று சொன்னால் பலர் திகைப்பார்கள். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, என் தாய்மாமன் தோட்டத்துக் கிணற்றுச் சுவரில் ஒரு கோலி சோடாப் புட்டியை நிறுத்திப் பத்தடி தூரத்தில் நின்று சுட்டேன். ரவை புட்டிக்கு அரை விரற்கடை தள்ளிச் சென்று, பின்னாலிருந்த கருங்கல்லில் மோதி, வந்த வழியே திரும்பி, என் இடப் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இரத்தம் கண்ணில் வழிந்ததால் கண்ணே போய்விட்டது என்று நான் அலறினேன். மாமா ஓடிவந்து, புருவத்தை வேட்டி நுனியால் அழுத்திப் பிடித்தபடியே தரையில் கிடந்த ரவையைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இடையில் ஒடுங்கி, ஓரத்தில் பாவாடைபோல் விரிந்து, அழகாக வார்க்கப்பட்டிருந்த அந்தச் சிறு ஈயத்துண்டு, இடித்த அவல்போல் தட்டையாகிச் சூடு ஆறாமல் இருந்தது. "புட்டியைப் பார்த்தாய் சரிடா, அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்த்தியா?" என்று அவர் கேட்ட கேள்வியை நான் இன்றளவும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை எடுக்கும்போது எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போய் நானே அந்தப் புட்டியைச் சுட்டு உடைத்தேன், சில்லுகளைப் பொறுக்கவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பின், களை பறிக்க வந்த ஓர் அம்மாளின் குதிகாலில் அந்தச் சில்லுகளில் ஒன்று ஏறிற்று. கண்ணாடி மக்காது, துருப்பிடிக்காது, மண்ணுக்குள் புதைந்தாலும் கூர் மழுங்காது. மழை பெய்து மேல்மண் கரைந்தால் மறுபடி தலைகாட்டும். நீலகிரியில் 2022ஆம் ஆண்டில், காலி மதுப்புட்டிகளைக் கடையிலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் வந்ததற்குக் காரணம், காட்டில் உடைந்து கிடந்த புட்டிகள் யானை முதலிய பிராணிகளின் பாதங்களைப் புண்ணாக்கியதுதான். குடித்துவிட்டு எறிபவனைக் கண்டிக்கும் நாம், சுட்டுவிட்டு நடப்பவனை மட்டும் வீரன் என்று கொண்டாடுவது எந்த நியாயத்தில் சேரும்?

இரும்புத் தகட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டுச் சுடுதளங்களில் எஃகுத் தகடுகளைக் குறியாகத் தொங்கவிடுகிறார்கள் என்பதைக் கண்டு நம் பிள்ளைகள் பழைய டிராக்டர்த் தகட்டை மரத்தில் கட்டுகிறார்கள். அங்கே பயன்படுவது தனியே பதமேற்றிக் கடினமாக்கப்பட்ட எஃகு. அதன் முகம் வழவழப்பாக இருக்க வேண்டும். மோதிய ஈயம் சிதறித் தரையை நோக்கிப் பாயும்படி அது முன்புறம் சற்றுக் கவிழ்ந்து தொங்க வேண்டும். சுடுகிறவர் போதிய தூரத்தில், கண்ணாடி அணிந்து நிற்க வேண்டும். சாதாரண இரும்பில் ஒரு முறை குழி விழுந்துவிட்டால், அடுத்து அதில் மோதும் ரவை எத்திசையில் தெறிக்கும் என்று யாராலும் கணிக்க இயலாது. ஈயத்தால் அல்லாமல் எஃகால் செய்த உருண்டைகளைச் சுடுகிறவர்கள் இரும்பையும் கல்லையும் அறவே தவிர்ப்பது நலம். அவை நசுங்காமல் அப்படியே திரும்பி வரும். தண்ணீரையும் நம்பலாகாது. ஓட்டாஞ்சில்லைத் தாழ்வாக வீசிக் குளத்தின்மேல் தத்தித் தத்தி ஓடவிட்ட எவரும், சாய்வாக வரும் குண்டை நீர் விழுங்கிவிடும் என்று நம்பமாட்டார்கள்.

மூன்றாவதாக, "தோட்டத்தில் ஆளே இல்லை, குறி தப்பினால் எங்கேயோ போய் விழட்டும்" என்பார்கள். இந்த 'எங்கேயோ' என்ற சொல்லே எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருகிறது. பந்தயங்களிலும் பயிற்சியிலும் சாதாரணமாகப் பயன்படும் 0.22 அங்குலத் தோட்டாவின் குண்டு ஒன்றரை மைல் வரை செல்லக்கூடும் என்று அதன் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டு விற்கிறார்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலைக்கு அருகே பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்த வேளையில், வெகு தொலைவில் தன் பாட்டனார் வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். அது ஏர்கன் அன்று. சுட்டவர்களும் விளையாட்டாகச் சுட்டவர்கள் அல்லர். ஆனால் முறைப்படி அமைந்த தளத்தை அடுத்தே அப்படி நேரும் என்றால், வேலியோரத்தில் நின்று வானத்தைப் பின்னணியாகக் கொண்டு கிளை நுனியைச் சுடுகிற நாம் எதை நம்பிச் சுடுகிறோம்? ஏர்கன் ரவையும் சில நூறு அடிகளைச் சுலபமாகக் கடக்கும். நம் கிராமங்களில் சில நூறு அடிக்குள் ஒரு களமோ, குடிசையோ, ஆடு மேய்க்கும் குழந்தையோ இல்லாத திசை அரிது. ஆகையால் குறி என்பது கண்ணுக்குத் தெரியும் காகிதமும் அன்று, தகரமும் அன்று. அதன் பின்னால் ரவை ஓய்ந்து நிற்கும் இடம் வரையுள்ள வெளி முழுவதும் சேர்ந்ததே குறி. மண்மேடு இல்லாத இடத்தில் குறியும் இல்லை.

பறவைகளைச் சுட்டால்தான் கை பழகும் என்ற வாதத்தை நான் மிகுந்த வருத்தத்தோடு எடுக்கிறேன், ஏனெனில் அதைக் கெட்டவர்கள் மட்டும் சொல்வதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மைனாவையும் கிளியையும் மயிலையும் காக்கிறது என்பது ஒருபுறமிருக்க, சாமர்த்தியம் என்ற அளவிலேயே இந்த வாதம் நிற்காது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகர ஒலிம்பிக்கை ஒட்டி உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் பந்தயம் ஒன்று நடந்தது; பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் டி லுண்டன் 21 பறவைகளை வீழ்த்தி வென்றார். இரத்தமும் இறகுமாகக் கிடந்த அந்த மைதானம் மறுபடி ஒலிம்பிக்கில் இடம்பெறவே இல்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1880ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர், பறவைக்குப் பதிலாகப் பறக்கும் களிமண் தட்டைக் கண்டுபிடித்திருந்தார். பிள்ளைகள் சிப்பி ஓடுகளை நீரின்மேல் தத்தவிட்டதைப் பார்த்தே அந்த யோசனை அவருக்குப் பிறந்தது என்பர். இன்று 110 மில்லிமீட்டர் விட்டமும் 105 கிராம் எடையும் கொண்ட அந்தத் தட்டு மிக விரைந்து, எத்திசையில் எழும் என்று முன்கூட்டி அறியமுடியாதபடி எழுகிறது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தத் தட்டை எதிர்த்து நின்றவர்களுள் நம் புதுக்கோட்டையின் பிரிதிவிராஜ் தொண்டைமானும் ஒருவர். உலகத்தின் மிகச் சிறந்த கைகள் தட்டிலே பழகும்போது, நம் கைக்கு மட்டும் தவிட்டுக்குருவி வேண்டுமா?

காகிதத்தைச் சுடுவதில் என்ன சுவாரஸ்யம், வெடிக்க வேண்டாமா, தெறிக்க வேண்டாமா என்பாரும் உண்டு. வெடித்துக் காட்டும் குறிகள் அமெரிக்காவில் விற்பனைக்கே கிடைக்கின்றன. 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் அரிசோனாவில், பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று உற்றாருக்கு அறிவிக்க, வண்ணப் பொடி கலந்த அத்தகைய குறி ஒன்றைத் தகப்பனார் உலர்ந்த புல்வெளியில் வைத்துச் சுட்டதால் மூண்ட தீ, ஏறக்குறைய 47,000 ஏக்கரை எரித்துவிட்டே அடங்கியது. காகிதத்தில் சுவை இல்லை என்பவர்கள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பந்தயத்தின் குறியைக் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும்: உள்ளங்கை அளவே உள்ள அட்டை, அதன் நடுவே பத்துப் புள்ளிக்குரிய இடம் வெறும் அரை மில்லிமீட்டர், முற்றுப்புள்ளி அளவு. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தது அந்தப் புள்ளியின் எதிரில் நின்றுதான். மூச்சை அடக்கி, இதயத் துடிப்பின் இடைவெளியில் விசையைத் தொட்டு, அந்தப் புள்ளி கிழிவதைக் கண்ட ஒருவனுக்குப் புட்டி உடையும் ஓசை பெரிதாகத் தோன்றாது. கடற்கரையில் பலூன் கட்டிச் சுடவிடும் எளிய வியாபாரியின் குறிகூட, மோதிய ரவையைத் திருப்பி அனுப்பாத மென்மையான பொருள் என்ற அளவில், நம் கிணற்றடிப் புட்டியைவிட மேலானது; ஆனால் அவருடைய பலகையும் அதன் பின்னுள்ள திரையும் ரவையைத் தாங்கக் கூடியவைதாமா, அதற்கப்பால் மணலில் யாரேனும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே துப்பாக்கியை வாங்கவேண்டும்.

இனி ஈயத்தைப் பற்றிய அலட்சியம். "சின்னத் துண்டுதானே, மண்ணோடு மண்ணாகிவிடும்" என்கிறார்கள். அது மண்ணாவதில்லை. இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் பறவைகள் ரவையையும் கல்லென்று எண்ணி விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அதனாலேயே அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991ஆம் ஆண்டில் விலக்கினார்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரவையைப் பல்லிடுக்கில் கடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருப்பதைக் காணும்போதெல்லாம் நான் கடிந்துகொள்கிறேன்.

என் வீட்டுக் கொல்லையில் இப்போது இருப்பது மிக எளிய ஏற்பாடு. கல் போகச் சலித்த மணலை இரண்டு சிமெண்டுச் சாக்குகளில் நிறைத்து, ஆள் புழங்காத பக்கத்து மதிலை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன். அவற்றுக்கு முன்னால் பழந்துணி திணித்த ஓர் அட்டைப்பெட்டி, அதன் முகத்தில் குண்டூசியால் குத்திய காகிதம். சுடுவதற்கு முன் நடந்து போய் மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைப் பிரித்து, சாக்கு மணலை மறுபடி சலித்து, சல்லடையில் தங்கும் ஈயத்தைத் தகரடப்பாவில் போட்டு மூடிவைக்கிறேன். பேரன் அந்த டப்பாவைக் குலுக்கி ஓசை கேட்க ஆசைப்படுவான்; குலுக்கவிட்டு, பிறகு குழாயடிக்கு அழைத்துப் போய் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்.