கூட்டாளியின் வாய், தலைவரின் கையெழுத்து

2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு நாயாற்றில், நீராவியடிப் பிள்ளையார் கோவில் கேணிக்கு அருகே, நீதிமன்ற உத்தரவை மீறி ஒரு பிக்குவின் உடல் தகனம் செய்யப்பட்டது. அதில் முன்னின்றவர் பொது பல சேனாவின் கலகொட அத்தே ஞானசார தேரர். தட்டிக்கேட்கப் போன சட்டத்தரணி ஒருவர் தாக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஒக்டோபரில், 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்ற ஜனாதிபதி செயலணிக்கு அதே தேரரைத் தலைவராக நியமித்தார் கோத்தாபய ராஜபக்ச. முதலில் அறிவிக்கப்பட்ட உறுப்பினர் பட்டியலில் ஒரு தமிழர்கூட இல்லை.

ஞானசாரரின் பேச்சை வைத்துக் கோத்தாபயவை அளந்தது சரியா? வன்னியில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் இதே அளவுகோலைத்தான் எல்லா அரசியல்வாதிகள் மீதும் நாம் வைக்கிறோம். கண்டாவளையில், முரசுமோட்டையில், பரந்தன் சந்தியில் அரசியல் கதை தொடங்கினால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது சொல்லிவிடுவார்: "அவன்ர பேச்சை விடு, பக்கத்தில ஆர் நிக்கிறான் எண்டு பார்." பன்றியோடு சேர்ந்த கன்று என்ன தின்னும் என்ற பழமொழியும் கூடவே வரும். அந்த அளவுகோல் சில இடங்களில் சரியாக அளந்திருக்கிறது. சில இடங்களில் ஆளையே கொன்றிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த தேர்தலுக்குப் போவது நல்லதல்ல.

முதலில் பண்டாரநாயக்க. 1926இலேயே இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சிதான் பொருத்தம் என்று எழுதியும் பேசியும் வந்தவர் அவர். தனிப்பட்ட முறையில் அவர் தமிழரை வெறுத்தவர் என்று தமிழர் தலைவர் செல்வநாயகமே சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் 1956இல் அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்தவர்களில் பிக்குகளின் முன்னணி பெரும்பங்கு வகித்தது. 1957 ஜூலை 26ஆம் திகதி செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் எழுதினார். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குகள் அவருடைய ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் வந்து குந்தியிருந்தார்கள். அன்றே ஒப்பந்தம் போயிற்று. அடுத்த மாதம் கலவரம் வந்தது. அடுத்த ஆண்டு அவரே சுடப்பட்டு இறந்தார். அந்தச் சதிக்காகத் தண்டனை பெற்றவர், 1956 வெற்றிக்குப் பாடுபட்ட களனி விகாராதிபதி புத்தரக்கித்த தேரர்.

பண்டாரநாயக்கவின் மனதில் என்ன இருந்தது என்று ஆராய்வதால் 1958இல் வீடு இழந்தவருக்கு ஒரு பயனும் இல்லை. தலைவர் நல்லவரா என்பதைவிட, தன் ஆட்களின் வெறுப்பு வாசலுக்கு வந்து நிற்கும்போது அவரால் அதைத் திருப்பி அனுப்ப முடிகிறதா என்பதே முக்கியம். பண்டாரநாயக்கவால் முடியவில்லை. ஆகவே பிக்குகளின் பேச்சு அவருடைய கொள்கையாயிற்று. கூட்டாளியின் சொல்லை வைத்து அவரை அளந்தவர்கள் அவ்வளவாகப் பிழைவிடவில்லை.

ஜே.ஆர். ஜயவர்த்தனவின் கதை வேறு. அவருடைய கைத்தொழில் அமைச்சர் சிறில் மத்யூ, தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்கு வேண்டுமென்றே கூடுதல் புள்ளி போடுகிறார்கள் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டியவர். இனவாதப் பிரசுரங்கள் வெளியிட்டவர். 1981இல் யாழ். நூலகம் எரிந்த நாட்களில் அவரும் காமினி திசாநாயக்கவும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 யூலைக் கலவரத்தில் அவருடைய தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமயவின் ஆட்களுக்குப் பங்கு உண்டு என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகும் மத்யூ அமைச்சரவையில் இருந்தார். 1984 டிசம்பரில்தான் நீக்கப்பட்டார். அதுவும் தமிழரைப் பற்றிப் பேசியதற்காக அல்ல. சர்வகட்சி மாநாட்டில் ஜே.ஆரின் சொந்த யோசனைகளை வெளிப்படையாக எதிர்த்ததற்காக.

அந்த நீக்கம் ஜே.ஆரைக் காட்டிக்கொடுத்தது. மத்யூவை அனுப்பும் அதிகாரம் அவரிடம் எப்போதும் இருந்திருக்கிறது. 1981இலும் இருந்தது, 1983இலும் இருந்தது. தமிழரின் வீடு எரிந்தபோது அதைப் பயன்படுத்தவில்லை. தன் சொல் மீறப்பட்டபோது பயன்படுத்தினார். பண்டாரநாயக்க தன் ஆட்களுக்கு அடங்கியவர், ஜே.ஆர். தன் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர். இரண்டாவது வகையில் கூட்டாளியின் வெறுப்பு தலைவரின் சொந்தக் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். கோத்தாபய–ஞானசார உறவும் இந்த வகைதான். தேரர் என்ன பேசினார் என்பதைவிட, அந்த வர்த்தமானியில் யாருடைய கையெழுத்து இருந்தது என்பதே தீர்ப்புக்குப் போதும்.

இனி மறுபக்கம். 2008இல் ஒபாமாவின் திருச்சபைப் போதகர் ஜெரமையா ரைட்டின் கடுமையான பிரசங்கங்கள் தொலைக்காட்சிகளில் ஓடியபோது, ஒபாமா முதலில் சொற்களைக் கண்டித்தார், மனிதரைக் கைவிட மறுத்தார். தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டியும் கறுப்பரைப் பற்றித் தப்பான எண்ணங்களைச் சொன்னவர்தான், அவரையும் விட முடியாது என்றார். ரைட் திரும்பத் திரும்பப் பேசியபோது உறவை முறித்தார், மே மாத இறுதியில் அந்தத் திருச்சபையிலிருந்தும் விலகினார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பாட்டிக்கு ஒபாமா எந்தப் பதவியும் கொடுக்கவில்லை. உறவு வேறு, நியமனம் வேறு. வள்ளுவரும் பொருட்பாலில் சிற்றினஞ்சேராமைக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, அதே பாலில் சுற்றந்தழாலுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார்.

நம் அரசியலில் இந்த வேறுபாட்டை நாம் பார்ப்பதே இல்லை. 2013இல் சி.வி. விக்னேசுவரன் வட மாகாண முதலமைச்சர் வேட்பாளராக வந்தபோது, அவர் பிள்ளைகள் சிங்களக் குடும்பங்களில் மணம் செய்தவர்கள், அன்றைய அமைச்சர் வாசுதேவ நாணயக்கார அவருடைய சம்பந்தி என்பதே பலருக்குப் போதுமான ஆதாரமாக இருந்தது. 2015 பெப்ரவரியில் வட மாகாண சபையில் இனப்படுகொலைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அதே விக்னேசுவரன். தீர்மானத்தை ஏற்பவரும் ஏற்காதவரும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சம்பந்தி யார் என்பதிலிருந்து அந்த அரசியலை எவரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது.

விக்னேசுவரனுக்கு வந்தது வெறும் பேச்சு. நீலன் திருச்செல்வத்துக்கு வந்தது குண்டு. தொண்ணூறுகளில் ஜி.எல். பீரிசுடன் இருந்து அதிகாரப் பகிர்வு வரைபுகளை எழுதியவர் அவர். பிராந்தியங்களின் ஒன்றியம் என்ற அளவுக்கு இலங்கை அரசு தாளில் இறங்கி வந்தது அப்போதுதான். வரைவில் என்ன இருக்கிறது என்று படித்தவர்களைவிட, யாரோடு இருந்து எழுதினார் என்று பார்த்தவர்களே அதிகம். 1999 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் தற்கொலைக் குண்டுதாரி அவரைக் கொன்றார். பக்கத்தில் நின்றவரை வைத்துத் துரோகிப் பட்டம் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே வெறும் வம்புப் பேச்சாக நின்றதில்லை. அதனால்தான் இந்த அளவுகோலை எடுக்கும் கை நடுங்க வேண்டும் என்கிறேன்.

அதேவேளை, வாக்காளர்கள் எப்போதும் இப்படி ஏமாளிகளாக இருந்ததில்லை. இந்த நாடு சிங்களவருக்கே உரியது என்ற கருத்தில் 2008இல் கனடியப் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தவர் அன்றைய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. கூட்டாளியின் வாயல்ல, அவருடைய சொந்த வாய். 2010 ஜனவரியில், பலர் இன்னும் முகாமில் இருந்த காலத்தில், வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் மகிந்தவுக்கு எதிராக அவருக்கே வாக்களித்தார்கள். அன்பினால் அல்ல. 2015இல் மைத்திரிபால சிறிசேனவின் மேடையில் ஜாதிக ஹெல உறுமயவின் சம்பிக்க ரணவக்க நின்றதும் தெரிந்துதான் வாக்களித்தார்கள். நம் சனத்துக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும். ஆனால் சிங்களத் தலைவர்களுக்குப் பார்க்கும் கணக்கை நம்மவருக்குப் பார்ப்பதில்லை.

கண்டாவளைப் பிரதேசத்திலேயே அதற்கான இடம் இருக்கிறது. தருமபுரத்திலும் அதைச் சுற்றியும் வாழ்பவர்களில் பலர், கலவரங்களால் துரத்தப்பட்டு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் வாரிசுகள். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்கள் பெரும்பாலும் முன்னரே வந்தவர்களிடம் இருக்க, இவர்களுக்கு மேட்டுக்காணியும் கூலி வேலையும் வாய்த்தன. தேர்தல் மேடையில் 'எங்கட சனம்' என்று கும்பிடும் வேட்பாளரின் ஆட்கள், மேடையை விட்டு இறங்கியதும் 'வடக்கத்தையான்' என்று பேசுவது இங்கே எவருக்கும் புதிதல்ல. அதைக் கேட்டுவிட்டு எந்தத் தமிழ் வேட்பாளரையாவது நாம் நிராகரித்திருக்கிறோமா? ஞானசாரரைக் காட்டிக் கோத்தாபயவை அளந்த நாம், நம் கட்சிக் கிளைத் தலைவர்களைக் காட்டி நம் தலைவர்களை அளந்ததில்லை.

இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில், சில வாரங்களுக்குள்ளேயே ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராகச் சேர்ந்தார். அந்த அமைச்சின் பெறுபேறாகப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை இன்றும் சொல்வார்கள். சொல்வதில் நியாயமும் உண்டு. செல்வநாயகம் அந்தக் கூட்டில் இருக்க மறுத்துப் பிரிந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. தன் தொகுதியில் வாக்கில்லாத, தன் ஊரவர் பலர் மதிக்காத ஒரு மக்களுக்காக அவர் தன் தலைவரை விட்டு விலகினார். கூட்டாளியைப் பார்த்து அரசியல்வாதியை அளப்பதற்கு இதைவிடத் துல்லியமான வேளை கிடையாது: சேர்ந்திருந்தால் இலாபம், பிரிந்தால் நட்டம் என்ற நிலையில் அவர் என்ன செய்கிறார்?

இந்தக் கேள்வி இன்று தேசிய மக்கள் சக்திக்கும் பொருந்தும். 2024 நவம்பரில் யாழ். தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை வென்ற கட்சி அது. கிளிநொச்சியும் அந்த மாவட்டத்துக்குள்தான் வருகிறது. அதன் முதுகெலும்பான ஜே.வி.பி., மலையகத் தமிழரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகக் காட்டி ஒரு காலத்தில் வகுப்பு நடத்தியது. 2006இல் வடக்கு–கிழக்கைப் பிரிக்கும் வழக்குக்குப் பின்னால் நின்றதும் அதுவே. அந்நாளில் ஜே.வி.பி.யின் குரலாக முழங்கிய விமல் வீரவன்ச பின்னர் பிரிந்து போய்விட்டார். அவர் பேச்சை இன்று அநுர குமார திசாநாயக்கவின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் 2006 வழக்கு ஒரு தனிமனிதரின் பேச்சல்ல. கட்சி எடுத்த முடிவு. அதற்கு அநுரவிடம் பதில் கேட்பது நியாயம். மேடைப் பேச்சால் அல்ல, மாகாண சபைக்கு என்ன செய்கிறார் என்பதால் அவர் பதில் சொல்ல வேண்டும். வட மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் 2013இல் நடந்தது. 2018 ஒக்டோபரோடு சபை முடிந்தது.

ஆகவே அடுத்த முறை வேட்பாளர் யாரேனும் வாசலுக்கு வரும்போது கேட்க வேண்டியவை மூன்று. வெறுப்பாகப் பேசிய ஆள் உங்கள் உறவா, நீங்கள் தெரிவுசெய்த ஆளா? அவருக்கு என்ன பொறுப்புக் கொடுத்திருக்கிறீர்கள்? அவர் பேசியதால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வாக்குப் பலம் இல்லாதபோதும் அவரை நிறுத்தினீர்களா? முதல் கேள்வியோடு நின்றுவிடுபவர்கள் நீலன்களை இழப்பார்கள். மூன்றாவதைக் கேட்காதவர்கள் மத்யூக்களை வளர்ப்பார்கள். மூன்றையும் தெற்கின் தலைவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு, தருமபுரத்தில் வாக்குச் சேர்க்கும் நம்மவரிடம் கேட்காமல் விட்டால், நாம் நீதி கேட்கவில்லை, பக்கம் மட்டுமே பார்த்தோம் என்றுதான் பொருள்.