சோம்பேறித்தனமா? பேயா? வியாதியா?

ஆரணிப் பட்டென்றால் கல்யாண வீட்டில் தனி மதிப்பு. அந்தப் பட்டுக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் அம்மாளுக்கு முகம் ஊதி, குரல் கரகரத்து, வெயிலிலும் குளிரெடுத்து, கை நாளுக்கு நாள் மந்தமானால் வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? சோம்பேறி என்கிறார்கள். மார்கழியில் அவள் பகலெல்லாம் தூங்கி, எழுப்பினால் உளறினாலோ, காற்றுச் சேஷ்டை என்று வேப்பிலை அடிக்கக் கிளம்பி விடுகிறார்கள்.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வேலை செய்யாவிட்டால் அதற்குப் பேய் என்ன செய்யும் என்று கேட்கிறோம். அச்சுரப்பு குறையக் குறைய உடம்பின் சூடு, இருதயத் துடிப்பு, மூச்சு, புத்தி எல்லாம் தாழ்ந்து கொண்டே வரும். முற்றினால் பிரக்ஞை தப்பும். டாக்டர்கள் இதை மிக்ஸிடீமா கோமா என்கிறார்கள். பெரும்பாலும் 60 வயது தாண்டிய ஸ்திரீகளுக்கு, குளிர்காலத்தில் வருவது. நிமோனியாவோ, தூக்க மருந்தோ, ஆப்பரேஷனோ இதைக் கிளப்பிவிடப் போதும். தொற்று இருந்தும் ஜுரம் காயாமல் உடம்பு சில்லிட்டிருப்பதால், ஜுரமில்லையே என்று வீட்டார் ஏமாந்து போவதும் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களிலேயே நூற்றுக்கு 20 முதல் 50 பேர் வரை இறந்ததாகக் கணக்குகள் சொல்லுகின்றன.

இதைவிட அக்கிரமம், கையிலிருக்கும் மாத்திரையை நிறுத்துவது. விரதமென்றும், பத்தியமென்றும், இங்கிலீஷ் மருந்து உஷ்ணமென்றும் நிறுத்துகிறார்கள். மருந்து சில வாரம் உடம்பில் தங்குவதால் உடனே ஒன்றும் நேருவதில்லை. அதைப் பார்த்து, "மாத்திரையில்லாமலே சுகம், எல்லாம் ஆத்தாள் அருள்" என்கிறார்கள்! ஆபத்து பின்னால் வருகிறது.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், இவ்வியாதியுள்ள 46 வயது அம்மாளுக்கு செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அவ்வம்மாள் 28 வருஷம் உயிரோடிருந்து 1919-ல் காலமானார். அதற்குச் செலவான ஆடுகள் 870-க்கு மேல். நம் ஊரில் ஆடி மாதத்தில் வெட்டிய ஆடுகளுக்குக் கணக்கில்லை. ஒரு தைராய்டு நோயாளியாவது அதனால் பிழைத்ததுண்டா? இன்று ஆடும் வேண்டியதில்லை. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை போதும்.

அம்மாள் சில்லிட்டு, எழுப்பினால் எழாமலிருந்தால், வாயில் கஞ்சியோ தீர்த்தமோ ஊற்றாதீர்கள், புரையேறும். வெந்நீர் ஒத்தடமும் கொடுக்காதீர்கள். இரத்த அழுத்தம் இறங்கிவிடும். கம்பளி போர்த்தி, 108-க்குச் சொல்லுங்கள். கோடாங்கி வந்துவிட்டால் திண்ணையில் உட்காரட்டும், வண்டிக்கு வழி விட்டால் சரி. மாத்திரைப் புட்டியையும் கையோடு எடுத்துச் சென்று, நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சந்தேகம் பலமானால் அவர்கள் இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், முதலில் ஹைட்ரோகார்ட்டிசோனும் பிறகு தைராய்டு மருந்தும் கொடுத்து, மூச்சு தளர்ந்தால் இயந்திரம் வைத்துக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.