ஒலியலையை எவ்வளவு அருகில் பார்ப்பது?



ஒலிப்பதிவுப் பயிற்சி என்று நான் கலந்துகொண்டவற்றில் எல்லாம் சொல்லித் தரப்பட்டவை மூன்றே. இரைச்சலை நீக்குவது, பின்னணி இசையைச் சேர்ப்பது, முடிவில் எம்பி3 கோப்பாக மாற்றுவது. திருத்தச் சாளரத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் அதனுள் நடமாடுவது எப்படி என்பதை எவரும் ஒரு பாடமாகவே கருதவில்லை. "அது பூதக்கண்ணாடிப் பொத்தான், வேண்டுமானால் அழுத்திப் பாருங்கள்" என்று கூறிக் கடந்துவிடுவர். என்னைக் கேட்டால், பயிற்சியின் முதல் ஒரு மணி நேரத்தை அதற்கே ஒதுக்கவேண்டும் என்பேன். இரைச்சல் நீக்கம் பிறகு வரட்டும்.

நம்மில் பலரும் பயன்படுத்துவது ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இலவச மென்பொருள் அது. ஒரு மாணவன் மூன்று நிமிடக் கதை ஒன்றைப் பதிவுசெய்கிறான் எனக் கொள்வோம். முழுப் பதிவையும் திரைக்குள் அடக்கிப் பார்க்கிறோம். பழைய மடிக்கணினித் திரையின் அகலம் 1366 புள்ளிகள். ஓரங்கள் போக அலை வரையப்படும் இடம் ஏறத்தாழ 1200 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 180 விநாடியை 1200ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 0.15 விநாடி. விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில், ஒரே ஒரு திரைப்புள்ளிக்குள் 6,615 மாதிரிகள் ஒடுங்கிக் கிடக்கின்றன.

இதனால் தமிழுக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். 'படம்' என்றும் 'பட்டம்' என்றும் சொல்லிப் பதிவுசெய்து, இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். 'படம்' என்பதில் டகரம் வரும் இடத்தில் அலை மெலியும், ஆனால் அறாது. 'பட்டம்' என்பதில் அலை சட்டென்று நின்று, ஒரு நேர்கோடாகக் கிடந்து, பின்னர் வெடித்து எழும். அந்த நேர்கோடுதான் நாம் கரும்பலகையில் புள்ளி வைத்து எழுதும் 'ட்'. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்கிறோம். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், கைந்நொடிக்கும் நேரம் என்றும் சொல்கிறோம். அந்த அரை மாத்திரையைக் கண்ணால் காட்டும் வாய்ப்பு இந்தச் சாளரத்தில் இருக்கிறது! என் பதிவுகளில் அந்த இடைவெளி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே வருகிறது. முழுக் காட்சியில் அது ஒரு புள்ளிக்குள்ளேயே மறைந்துவிடும். அந்தத் தொலைவில் இருந்துகொண்டு இடைவெளியை வெட்டுகிறவர் ஒற்றையும் சேர்த்து வெட்டுவார். சொல்லின் முதலில் உள்ள பகரத்தின் வெடிப்பையும் வெட்டுவார். பிறகு, "பையனுக்கு உச்சரிப்புச் சரியில்லை" என்று அவனையே குறை கூறுவார். வெட்டியவர் தாம் என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே, வெட்டும்போது அருகில் சென்றாக வேண்டும். நான் இரண்டு அல்லது மூன்று விநாடி மட்டும் திரையில் நிற்குமாறு வைத்துக்கொள்வேன். கண்ட்ரோல் விசையோடு 1ஐ அழுத்தினால் பெரிதாகும், 3ஐ அழுத்தினால் சிறிதாகும், 2ஐ அழுத்தினால் இயல்பு அளவு. இவற்றைவிட எனக்குப் பிடித்தது கண்ட்ரோல், ஈ. வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இதை அழுத்தினால் அப்பகுதி மட்டும் திரை முழுவதும் விரியும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி சுட்டியின் உருளையைச் சுழற்றினால் இடவலமாக நகரலாம். கண்ட்ரோல், எஃப் அழுத்தினால் முழுப் பதிவும் மீண்டும் திரைக்குள் வந்து அடங்கும்.

இந்தக் கடைசி விசை தெரியாமல் சக ஆசிரியை ஒருவர் ஒருமுறை கலங்கியே போனார். "ஐயா, பதிவு முழுதும் அழிஞ்சு போச்சு!" என்று ஓடி வந்தார். போய்ப் பார்த்தேன். எங்கோ ஓர் ஓசையற்ற இடத்தை மிகப் பெரிதாக்கி வைத்திருந்தார். திரையில் நேர்கோடு மட்டும் நின்றது. கண்ட்ரோல், எஃப். அவ்வளவுதான். பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் நம் பார்வையை மட்டுமே மாற்றும். ஒலியில் ஓர் அணுவும் மாறாது. மெல்லிய குரலுடைய குழந்தையின் அலை நூல்போல் தெரிவதைக் கண்டு, உடனே ஒலியைக் கூட்டுகிறவர்களும் உண்டு. இடப்பக்கம் உள்ள செங்குத்து அளவுகோலில் வலச்சொடுக்கு செய்து அலையை உயரவாக்கில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கூட்டத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யலாமே.

இனி, நான் செய்த தவறு. மேலே இவ்வளவும் எழுதிவிட்டு இதை மறைப்பது முறையாகாது.

2021இல், பள்ளி மூடப்பட்டு வீட்டிலிருந்தே கற்றல் நடந்த மாதங்களில், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் ஆளுக்கொரு கதையைப் பதிவுசெய்து புலனம்வழி அனுப்பச் சொன்னேன். வகுப்புக்கு ஓர் ஒலித்தொகுப்பு செய்வது திட்டம். அவர்களுள் ஒருவன் சற்றுத் திக்கிப் பேசுபவன். அவன் அனுப்பிய புலிக்கதை நான்கு நிமிடம் ஓடியது. மற்றவர்கள் கேட்டுச் சிரித்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், இரண்டு மாலைப்பொழுதுகள் அமர்ந்து அதைச் சீர்செய்தேன். முன்பு சொன்னபடி மிக அருகில் சென்று, இரண்டிரண்டு விநாடியாக நகர்ந்து, ஒவ்வோர் ஒற்றையும் காப்பாற்றினேன். தடங்கல் தெரிந்த இடமெல்லாம் வெட்டினேன். கதை இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல் வந்து நின்றது. எனக்குப் பெருமிதம்தான்.

அனுப்பி வைத்தேன். அன்றிரவு அவன் குரல் பதிவொன்று வந்தது. "நல்லாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா... இது யாருங்க ஐயா பேசுறது?"

மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. அதைத் திறந்து, முழுக் காட்சியில் வைத்து, எதையும் தொடாமல் தொடக்கத்திலிருந்து கேட்டேன். புலி புதருக்குப் பின்னால் பதுங்கும் இடத்தில் நீண்ட அமைதி. அங்கே அவன் திக்கவில்லை. கேட்பவரைக் காக்க வைத்திருக்கிறான்! பாட்டி வாய்விட்டு அழைக்கும் முன்பும் அப்படித்தான். அருகில் நின்று பார்த்த எனக்குத் திக்கிய அமைதியும் காக்க வைத்த அமைதியும் ஒரே நேர்கோடாகத் தெரிந்திருக்கின்றன. எழுத்தைக் காத்த நான் கதையைக் கொன்றிருந்தேன். முழுக் காட்சிக்கு ஒருமுறை திரும்பியிருந்தாலே, அந்த இரண்டு அமைதிகளும் கதையின் எந்த இடத்தில் நிற்கின்றன என்பது தெரிந்திருக்கும்.

அன்றுமுதல், அருகில் சென்று ஒரு வெட்டு வெட்டினால் உடனே கண்ட்ரோல், எஃப் அழுத்தி வெளியே வந்து, முன்னும் பின்னும் பத்து விநாடி கேட்டுவிட்டுத்தான் அடுத்த வெட்டுக்குப் போகிறேன். நேரம் இரட்டிப்பாகிறது, உண்மைதான். அமைதியைத் தானாகவே சுருக்கும் கட்டளையும் அம்மென்பொருளில் உண்டு. பிள்ளைகளின் பதிவில் அதை நான் தொடுவதே இல்லை. நண்பர்கள் சிலர் இதை வீண்வேலை என்கின்றனர். அவர்களுடைய தொகுப்புகளையும் கேட்டிருக்கிறேன். முப்பது பிள்ளைகளும் ஒரே பிள்ளையாகப் பேசுகிறார்கள்.

பள்ளி திறந்த பிறகு அந்த மாணவனைக் கணினிக்கு முன் அமர்த்திச் சுட்டியை அவன் கையிலேயே கொடுத்தேன். பெரிதாக்கும் விசையையும் சிறிதாக்கும் விசையையும் ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். ஒவ்வோர் இடைவெளியாகச் சென்று கேட்டு, "இது இருக்கட்டுங்க ஐயா", "இது வேணாம்" என்று அவனே தீர்ப்பளித்தான். வெட்டச் சொன்னவை மூன்று. மூன்றாவது, பின்னணியில் அவன் தங்கை இருமியது.