படியும் வடமும்

பழனிக்குக் குடும்பத்தோடு போகும் நம் இராஜபாளையத்து மக்கள் ரோப்கார் கட்டணத்தைக் கணக்குப் பார்ப்பது கேவலம் என்று நண்பர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். முருகனைக் காணப் போகிறவன் சில்லறைக்காக வரிசை மாறி நிற்கலாமா என்பது அவர்களது கேள்வி. நிற்கலாம், நிற்கவும் வேண்டும் என்பதே நம் கட்சி.

மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு அது சில்லறை. நூற்பாலையில் ஷிப்டு பார்ப்பவருக்கும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவருக்கும் அப்படியல்ல. பஸ் ஏறி, மதுரை, திண்டுக்கல் என்று மாறிப் போய்ச் சேர்வதற்குள் ஆறு பேர் கொண்ட குடும்பத்தின் கையிருப்பு பெருமளவு கரைந்துவிடும். அதற்குமேல் ஏற ஆறு சீட்டு, இறங்க ஆறு சீட்டு. பெருக்கிப் பார்க்கத் தெரிந்தவனைக் கஞ்சன் என்பது படித்தவர்களின் திமிர்.

பழனியில் விஞ்ச் ஓடத் தொடங்கியது 1966இல். ரோப்கார் வந்தது 2004இல். படியேற மாட்டாத முதியோரும் உடல் நலிந்தோரும் மலைமீது தண்டபாணியைக் காண இவை வழி செய்தன. மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே சாதாரணக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று இரண்டு உண்டு. ரோப்காரில் தொங்குவது ஒரே வடம். மலை ஏறும் நேரமும் இருவருக்கும் ஒன்றே. அப்படியானால் சிறப்புச் சீட்டு வாங்கியவன் கூடுதல் காசுக்கு எதை வாங்குகிறான்? முன்னால் காத்திருக்கும் கிழவியின் அரைமணி நேரத்தை. அவள் அதை விற்கவில்லை என்பதுதான் விஷயம்.

நாமும் யோக்கியரல்லர். ஒரு மலைக்கோயிலில் பிள்ளைகள் பசிக்கிறது என்றதும் கூடுதல் சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு இந்தப்பக்கமாக நடந்திருக்கிறோம். அந்தப்பக்கம் நின்றவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நமக்குப் பின்னால் புத்தி வந்தது. இப்போது பாட்டியும் துணைக்கு ஒருவரும் மட்டும் ரோப்காரில் போகிறார்கள். மற்ற நால்வரும் யானைப்பாதை. படிகளைவிட அதில் மூச்சு குறைவாக வாங்கும். பன்னிரண்டு சீட்டு நான்காகிவிடுகிறது. கிருத்திகை, தைப்பூசம், பங்குனி உத்திரம் தவிர்த்து வார நாளில் போனால் சாதாரண வரிசையே நகரும். பராமரிப்புக்காக ஆண்டில் சில வாரம் ரோப்காரை நிறுத்துவார்கள். கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

சதுரகிரியைப் பாருங்கள் என்பார்கள். உண்மை, தாணிப்பாறையிலிருந்து எல்லோரும் நடந்தே ஏற வேண்டும். பணக்காரனுக்குத் தனி வரிசை கிடையாது. ஆனால் நம் பாட்டி அங்கே சுந்தர மகாலிங்கத்தைப் பார்த்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆகவே வடத்தை அறுக்கச் சொல்லவில்லை. சோளிங்கரிலும் அய்யர்மலையிலும் 2024இல் ரோப்கார் வந்தாயிற்று. இன்னும் சில குன்றுகளுக்கு வரலாம். வரட்டும். வரிசையை மட்டும் காசைக் கொண்டு பிரிக்காமல் வயதையும் முழங்காலையும் கொண்டு பிரியுங்கள் என்கிறோம். திடகாத்திரமானவன் எவ்வளவு கொடுத்தாலும் கிழவிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இதிலே கேவலம் எங்கே இருக்கிறது என்று நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும்.